குண்டு எழுத்தில் ஒரு பிறந்தநாள்

மகளின் முதல் பிறந்தநாள் பேனருக்குக் குண்டுகுண்டான தமிழ் எழுத்துரு வேண்டும். இலவசமாகக் கிடைக்குமா?

கிடைக்கும். நான் முதலில் எடுப்பது 'பாலூ தம்பி 2'. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கியது, கூகுள் ஃபாண்ட்ஸில் இருக்கிறது. பாலூ குடும்பத்தில் மொழிக்கு ஓர் உடன்பிறப்பு: மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, நமக்குத் தம்பி. எந்த முனையும் குத்தாது, வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். 400 முதல் 800 வரை ஐந்து தடிமன்கள். குழந்தையின் பெயருக்கு 800, நாள், இடம் எல்லாம் 500 போதும். இன்னும் குறும்பு வேண்டுமென்றால் 'காய்னி' பாருங்கள். அதில் ஒரே தடிமன்தான்.

அதையே டி-ஷர்ட்டில் அடித்து விற்கலாமா?

தாராளமாக. திறந்த உரிமத்தில் வந்தது. எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விலைபோட்டு விற்கக் கூடாது.

போட்டோஷாப்பில் 'கொ' என்று அடித்தால் கொம்பு தனியே போய் நிற்கிறது. எழுத்துருவில் கோளாறா?

பாவம், எழுத்துரு மேல் பழி வேண்டாம். யூனிகோடில் 'க' முதலில், கொம்பும் காலும் அதற்குப் பின்னால்தான் பதிவாகும். கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. பழைய போட்டோஷாப் பதிப்பென்றால் பிரிஃபரன்ஸ், டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, புது ஃபைலில் அடித்துப் பாருங்கள். அப்புறம் அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். சோம்பல்பட்டு அப்படியே அனுப்பிய என் கொலு அழைப்பிதழில் 'கொலு' மட்டும் கொம்பு வேறு, கால் வேறாகச் சிதறி அச்சாகி வந்தது. 200 பிரதி!

குழந்தைகள் கதைப் புத்தகம் முழுவதையும் பாலூவில் வைக்கலாமா?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உருண்டை எழுத்துக்கு உயிரே அதன் உள்வெளி, அதாவது சுழிக்குள் இருக்கும் வெற்றிடம். தடிமன் ஏற ஏற அந்த வெளி சுருங்கும். தமிழில் 'ண'வின் சுழிகள்தான் முதலில் அடைபடும், அடுத்து ஈகாரக் கொக்கியின் சுழி. 'கிண்ணம்', 'வீணை' இரண்டையும் 800 தடிமனில், 12 பாயிண்டில் அச்செடுத்துக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். 'ண்ண' இருக்கிற இடத்தில் மைத் திட்டுதான் தெரியும். இப்போதுதான் எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அது எழுத்தே இல்லை. ஆகவே அட்டைக்கும், 'தொப்!' என்று யானை விழும் இடத்துக்கும் பாலூ. கதை ஓடும் வரிகளுக்கு அதே ஏக் டைப்பின் 'முக்தா மலர்', 16 பாயிண்டுக்குக் குறையாமல். வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் இடித்துக்கொண்டால் பார்க்க நன்றாக இருக்காது.

ஸ்டிக்கர் வெட்டும்போது எழுத்துக்குள்ளேயே கத்தி கோடு போடுகிறது.

தடிமனை இழுத்து மாற்றக்கூடிய வேரியபிள் கோப்பில் ஒரே எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கலாம். அவுட்லைன் ஆக்கியதும், வடிவங்களை ஒன்றாக்கும் யுனைட் கட்டளையைக் கொடுத்து ஒட்டிவிட்டு, பிறகு வெட்டக் கொடுங்கள்.