வெள்ளத்துக்குத் தப்பக் கராஜ் தளத்தை இரண்டரை அடி உயர்த்தினால் வான் உள்ளே ஏறுமா?

ஏறும், சரிவுக்கு நீளம் இருந்தால். நாவலப்பிட்டியில் ஆற்றோரக் காணி, 12க்கு 20 அடி கராஜ், தளம் பாதையைவிட இரண்டரை அடி மேலே என்கிறீர்கள். எட்டுக்கு ஒன்று சரிவென்றால் 20 அடி வேண்டும். ஆறுக்கு ஒன்றென்றால் 15 அடி, ஆனால் மேல், கீழ் முனைகளில் சரிவைப் பாதியாக்காவிட்டால் வானின் அடிவயிறு உரசும்; பாதியாக்கினால் நீளம் இன்னும் கொஞ்சம் கூடும். முன்னால் அவ்வளவு இடம் இல்லையா? வாசலைப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

அதிகம் கெடுவது நிரப்பில்தான். தோட்டத்து மண்ணைக் கொட்டி மேலே கொங்கிரீட் போட்டால் முதல் வெள்ளத்திலேயே மண் அமர்ந்து தளம் வெடிக்கும். கிரவலை ஆறங்குலப் படைகளாக, ஈரமாக்கி இடித்து நிரப்புங்கள். வெள்ளம் வடிந்தபின் நிரப்புக்குள் தேங்கிய நீர்தான் அதைச் சுற்றித் தாங்கும் கருங்கல் சுவரை வெளியே தள்ளும். ஆகவே நீர் வெளியேற ஐந்தடிக்கு ஒன்றாகச் சுவரின் ஊடே இரண்டங்குல பீ.வீ.சீ. குழாய், அதன் பின்னால் சல்லி. மேசன்மார் இதைத்தான் முதலில் விடுவார்கள்!

இன்னொரு வழி, தளத்தைத் தாழ்வாகவே வைத்து, வெள்ளம் சுவரைத் தள்ளாமலிருக்க நீரை உள்ளே விடுவது. அமெரிக்க விதிப்படி ஒரு சதுர அடித் தளத்துக்கு சுவரில் ஒரு சதுர அங்குலத் திறப்பு. உங்களுக்கு 240. எட்டுக்கு 16 அங்குலத்தில் இரண்டு திறப்பு, வேறு வேறு சுவர்களில், நிலத்திலிருந்து ஓரடிக்குள். இங்கே இதற்கு அனுமதி உண்டா என்று நகர சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் வரைபடம் கீறுமுன்பே கேளுங்கள். பின்னால் மண்மேடு இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையும் கேட்பார்கள்.

எந்த வழியானாலும் ப்ளக் பாயிண்ட் வெள்ளக் குறிக்கு மேலே.