மலை வீட்டில் மின்சாரக் கார்: எர்த், லோ வோல்டேஜ், இறக்கம்

வந்திருக்கும் கேள்விகளில் பல "வண்டியில் என்ன கோளாறு?" என்றே தொடங்குகின்றன. வண்டியைச் சந்தேகப்படும் முன் வீட்டு வயரிங்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வண்டியோடு கொடுத்த சார்ஜர் எங்கள் வீட்டில் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டில் ஒழுங்காக ஏறுகிறது. நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்துவிட்டால் போதும் என்கிறார் வயர்மேன். செய்யலாமா? (கோத்தகிரி வாசகி)

தயவுசெய்து செய்யாதீர்கள் அம்மா. இணைத்தால் சிவப்பு விளக்கு அணைந்துவிடும், உண்மைதான். ஆனால் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் அறுந்துபோனால், வீட்டில் எரியும் ஒரு பல்பு வழியாகவே 230 வோல்ட் காரின் பாடிக்கு வந்து நிற்கும். மரம் விழுந்து லைன் அறுவது நம் மலையில் புதிதல்ல. ஈரத் தரையில் நின்றபடி ஒரு குழந்தை கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தங்கை வீட்டில் ஏறுகிறது என்றால் சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது. எர்த் சரியில்லையென்றால் சார்ஜர் இப்படிச் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும், எனவே உங்கள் எர்த் குழியைத்தான் பார்க்க வேண்டும். மலையில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். அதனால் பைப்பைப் பாதி ஆழத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மழைக்காலத்தில் சமாளிக்கும் அந்த எர்த், தை மாசியில் மண் காய்ந்ததும் கைவிட்டுவிடும். மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால், மோசமான எர்த்திலும் 230 காட்டும். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். எர்த்தின் தடை 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது. பாறை விடவில்லையென்றால், மண் ஆழமாக உள்ள பக்கத்தில் இன்னொரு குழி போட்டு இரண்டையும் இணைக்கலாம். செலவுதான், ஆனால் அந்த எர்த் வீட்டில் எல்லோரையும் காக்கும்.

மாலையில் 7.2 கிலோவாட் சார்ஜர் பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்டெபிலைசர் வைக்கலாமா? (கொடைக்கானல் வாசகர்)

ஸ்டெபிலைசருக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். சார்ஜர் ஓடாதபோது வோல்டேஜ் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று மீட்டர் போர்டிலும் சார்ஜர் அருகிலும் வயர்மேனை அளக்கச் சொல்லுங்கள். மீட்டரில் 220 நிற்க, சார்ஜரிடம் 195க்கு இறங்கினால் உங்கள் வயர் மெலிது, அல்லது எங்கோ ஸ்க்ரூ தளர்ந்து சூடாகிறது. இதை உடனே சரிசெய்யுங்கள், தீப்பிடிக்கக் காரணமே அதுதான். மீட்டரிலேயே 180க்கு விழுந்தால் லைனில்தான் பிரச்சினை, மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். மாலை என்பது சுற்றியுள்ள லாட்ஜ்களில் கீசர் ஓடும் நேரம். லைன் சரியாகும் வரை, வண்டியிலோ ஆப்பிலோ 32 ஆம்பியரை 16ஆகக் குறைத்து, இரவு 11 மணிக்கு மேல் போடுங்கள். விடியும்போது போதுமான அளவு ஏறியிருக்கும்.

ஊட்டியில் வீடு. காலையில் 100 சதவீதத்தோடு கீழே இறங்கினால், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தாலும் வண்டி வேகம் குறையவே இல்லை. பயமாக இருக்கிறது. (ஊட்டி வாசகர்)

கோளாறு இல்லை. இறக்கத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும், வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாதே! பேட்டரி நிறைந்திருந்தால் அந்தப் பிடி கிடைக்காது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் பேட்டரி குளிர்ந்திருந்தாலும் பிடி குறையும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் ஏறத்தாழ 1,900 மீட்டர் வித்தியாசம். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டி என்றால், அந்த உயரத்தில் மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் சக்தி அடங்கியிருக்கிறது. காற்றும் டயர் உராய்வும் எடுத்துக்கொள்வது போக, பேட்டரி வாங்கிக்கொள்ளாத பங்கு பிரேக்கில் சூடாக இறங்கும். ஆகவே இறங்கும் நாளில் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரியை அவ்வப்போது 100 வரை ஏற்ற வேண்டும் என்று கையேடு சொன்னால், ஊருக்குள்ளேயே ஓட்டும் நாளில் செய்யுங்கள். பிரேக்கில் கருகும் வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். ஏறும்போது இதே கணக்கு தலைகீழ்: சமவெளியில் ஆகும் செலவுக்கு மேல் சுமார் 10 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் திரை காட்டும் கிலோமீட்டரை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

வீடு மேலே, கார் கீழே ரோட்டோரம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதுமா? (குன்னூர் வாசகர்)

போதாது. மணிக்கணக்கில் 15 ஆம்பியர் இழுத்தால் அது உருகிவிடும். மீட்டர் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாகப் பைப்பில் இறக்கி, அதற்கென்று எம்சிபியும் (அதிகக் கரண்ட் ஓடினால் துண்டிக்கும் சுவிட்ச்) 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். பிளக் பாயின்டுக்கு மழை புகாத மூடி வேண்டும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள்.

பத்து நாள் வெளியூர் போய் வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கிளம்பும்போது 60 சதவீதம் சார்ஜ் இருந்ததே? (கூடலூர் வாசகர்)

அது பெரிய பேட்டரியின் கணக்கு. கதவு, திரை, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலே (மின்சார சுவிட்ச்) எல்லாவற்றையும் எழுப்புவது சின்ன 12 வோல்ட் பேட்டரி. அதுதான் இறங்கியிருக்கும். கையேட்டில் சொன்ன முறைப்படி ஜம்ப் கொடுங்கள், அப்புறம் அதன் வயதைப் பாருங்கள். மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் மாற்றுவதே நல்லது. பானட்டைத் திறக்கும்போது எலி கடித்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற வயரில் பல் பட்டிருந்தால் கை வைக்காமல் சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.