ஐரோப்பாவில் படிக்கும் மாணவர், திட்டம் எதுவும் போடாமல் நண்பர்களோடு வார இறுதியில் ஒரு கடலோர ஊருக்குக் கிளம்புவது சரியா? எவ்வளவு செலவாகும்?

'சரியா' என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. 'கட்டுப்படியாகுமா' என்று மட்டும் கேட்டிருந்தால் தாண்டிப் போயிருப்பேன். நீங்களும் கடன் வாங்கிப் படிக்க வந்தவர், கூட இருப்பவர்கள் கிளம்பு கிளம்பு என்கிறார்கள், ஊரில் யார் என்ன சொல்வார்களோ என்று வயிற்றில் புளி கரைகிறது. அப்படித்தானே? தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன்: 27 யூரோ. அன்றைய மதிப்பில் 2,200 ரூபாய் சொச்சம். இந்தக் கணக்கைச் சொந்தக்காரர்களிடம் ஒப்பித்து ஒப்பித்து எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

2022 ஜூன். நான் பெர்லினில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று மாதங்களுக்கு ஜெர்மன் அரசு 9 யூரோ டிக்கெட் விட்டது. மாதம் 9 யூரோ கொடுத்தால் நாடு முழுக்க நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். அதிவேக, தொலைதூர ரயில்களில் மட்டும் ஏற முடியாது. 'மாணவர்களுக்குத்தான் கல்லூரிக் கட்டணத்தோடு வரும் செமஸ்டர் பயண டிக்கெட் இருக்கிறதே, அதுவே அப்போது நாடு முழுக்கச் செல்லுமே' என்று யாராவது வருவீர்கள். நான் படித்தது தனியார் கல்லூரி. செமஸ்டர் டிக்கெட் கிடையாது. ஆமாம், தனியார் கல்லூரிதான். அது பற்றி இங்கே விவாதம் வேண்டாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. வெளியே 30 டிகிரிக்கு மேல். பெர்லின் வீடுகளில் சீலிங் ஃபேன் என்ற பேச்சே இல்லை. கோவைத் தோழி ஒருத்தியின் அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம்: அவள், தருமபுரிக்காரனான நான், ஒரு தூத்துக்குடிக்காரன், ஒரு மலையாளி. தூத்துக்குடிக்காரன் சுவரைப் பார்த்தபடி, "கடலப் பாத்து ஒன்பது மாசமாச்சுல" என்றான். அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு ரயில் நிலையத்தில் நின்றோம். பால்டிக் கடலோர ஊரான வார்னமுண்டேயைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. ரோஸ்டாக் நகரம் வரை ஒரே வட்டார ரயில், அங்கிருந்து எஸ்-பான் என்கிற உள்ளூர் ரயிலில் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். தங்க இடம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மலையாளி சொன்னான். யாரும் மறுக்கவில்லை, நான் உட்பட.

ரயிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொங்கலுக்கு முதல் நாள் கோயம்பேட்டில் பஸ் ஏறியவர்களுக்குப் புரியும். நாடே 9 யூரோவுக்குக் கடலைப் பார்க்கக் கிளம்பியிருந்தது. சைக்கிள்கள், குழந்தை வண்டிகள், என் செருப்பின் மேல் தலைவைத்துத் தூங்கிய ஒரு பெரிய நாய். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். நாயை எழுப்ப மனம் வரவில்லை.

வார்னமுண்டே நிலையத்தை விட்டு வெளியே வந்து ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டினால் ஆல்ட்டர் ஷ்ட்ரோம் என்கிற பழைய கால்வாய். ஓரத்தில் கட்டியிருக்கும் படகுகளிலேயே மீன் பன் விற்கிறார்கள். நான்கரை யூரோவுக்கு ஒன்று வாங்கினேன். வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீன், பச்சை வெங்காயம், ஊறவைத்த வெள்ளரி, இவற்றை மொறுமொறு பன்னுக்குள் திணித்துத் தருகிறார்கள். தூத்துக்குடிக்காரன் ஒரு கடி கடித்துவிட்டு, "ஊறுகாய்க்குள்ள மீன வச்சிருக்கான்" என்றான். நான் என் பன்னைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுக்கப் போனேன். பின்னாலிருந்து ஒரு கடற்காகம் காதை உரசிக்கொண்டு வந்தது. கையில் மிஞ்சியது வெள்ளரித் துண்டும் காகிதமும். பறவைகளுக்கு உணவு தராதீர்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். நான் தரவில்லை, அது எடுத்துக்கொண்டது.

மணல்வெளி நிஜமாகவே பெரியது, சில இடங்களில் 150 மீட்டர் அகலம். கரையில் 1898 முதல் எரியும் வெள்ளைக் கலங்கரை விளக்கம். அதன் காலடியில் அலை போல வளைந்த கான்கிரீட் கூரையோடு 'டேபாட்' என்றொரு கட்டடம், கிழக்கு ஜெர்மனி காலத்தில் 1968இல் கட்டியது. இதையெல்லாம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நாங்கள் நேரே தண்ணீருக்குத்தான் ஓடினோம். கரையில் நீரின் வெப்பம் 16 டிகிரி என்று எழுதிப் போட்டிருந்தார்கள். முழங்கால் வரை இறங்கியதும் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. தூத்துக்குடிக்காரன் மட்டும் முழுசாக முங்கி எழுந்தான். எழுந்தவன் உதட்டை நக்கிப் பார்த்தான். உள்ளங்கையில் அள்ளி இன்னொரு வாய் வைத்தான். உப்பளத்துப் பிள்ளை அவன், அவன் அப்பா உப்பளத்தில்தான் வேலை.

"என்னல இது, உப்பே இல்ல. இத வச்சு என்ன பண்ண?"

பால்டிக் கடல் அப்படித்தான். சுற்றிலும் ஆறுகள் வந்து விழுகின்றன. பெருங்கடலோடு தொடர்பு என்றால் டென்மார்க் பக்கத்துக் குறுகிய நீரிணைகள் மட்டும்தான். பெருங்கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், இங்கே அதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் அதிகம். கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் கண்ணுக்குத் தெரியாது. அவன் அன்று முழுக்க அந்தக் கடலைக் கடல் என்று ஒப்புக்கொள்ளவே இல்லை. 'பெரிய ஏரி' என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

மேற்கே நடந்துகொண்டே போனோம். ஒரு பலகையைத் தாண்டினோம், படிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு தாத்தா பாட்டி எதிரே வந்தார்கள், உடம்பில் தொப்பி மட்டும்தான். நிர்வாணக் குளியலுக்கென்று ஒதுக்கிய பகுதி அது. கிழக்கு ஜெர்மனியில் வேரோடிய பழக்கம். நாங்கள் நான்கு பேர் ஜீன்ஸும் ஷூவும் போட்டுக்கொண்டு அங்கே நின்றோம். எல்லாரும் எங்களைத்தான் விநோதமாகப் பார்த்தார்கள். நாங்கள் என்னவோ அதற்காகவே போனதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், வந்த வேகத்தில் திரும்பிவிட்டோம். நோர்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 1907இல் இந்த ஊரில் தங்கி, இதே கரையில் ஆடையின்றிக் குளிக்கும் ஆண்களைப் பெரிய ஓவியமாக வரைந்திருக்கிறார். அவர் வரைந்தால் கலை, நாங்கள் வழி தவறினால் கோவைக்காரி ஒரு வருடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்புறம் 12 யூரோவுக்கு ஒரு ஸ்ட்ரான்ட்கோர்ப் எடுத்தோம், ஆளுக்கு 3. பிரம்பில் முடைந்த, கூரை போட்ட இரட்டை இருக்கை. இதன் பிறப்பே இந்தப் பக்கம்தான். 1882இல் வாதநோய் உள்ள ஒரு பெண்மணி கடற்காற்றில் உட்கார ஏதாவது செய்து கொடுங்கள் என்று கேட்டதற்காக ரோஸ்டாக்கின் கூடை முடைபவர் வில்ஹெல்ம் பார்ட்டெல்மான் செய்து கொடுத்தாராம். இரண்டு பேர் உட்காரும் இடத்தில் நான்கு பேர் முறை வைத்து உட்கார்ந்தோம். என் முறை வந்தபோது மலையாளியின் கறுப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு ஒரு படம் எடுத்து, 'வாழ்க்கை வாழ்வதற்கே' என்று வாட்ஸாப் ஸ்டேட்டஸ் போட்டேன். பின்னணியில் ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறை கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் கேட்டோம். இரண்டில் இடமில்லை, ஒன்றில் இருவருக்கு 180 யூரோ. அந்த ஆண்டு பிளாக்டு அக்கவுண்டிலிருந்து, அதாவது விசாவுக்காக முன்பே பணம் போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கிற கணக்கிலிருந்து, எனக்கு மாதம் வந்ததே 861 யூரோ. சரி, கடைசி ரயிலில் திரும்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். அதையும் விட்டோம். பழி என்மேல்தான். மணி பார்க்கும் பொறுப்பு என்னுடையது, வானத்தைப் பார்த்து "இன்னும் வெளிச்சம் இருக்கே" என்றவனும் நானே. ஜூனில் அங்கே சூரியன் மறையவே ஒன்பதே முக்கால் ஆகும் என்று தருமபுரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஒன்பது மாதமாக அந்த நாட்டில்தான் இருந்தாய் என்பீர்கள். கடலோரத்தில் இல்லையே.

இரவு முழுக்க மேற்கு அலைதடுப்பில் உட்கார்ந்திருந்தோம். தூத்துக்குடிக்காரனுக்கு அது தூண்டில் வளைவு. ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு இரவெல்லாம் வெளியிலா என்று கேட்பவர்களுக்கு: அவள்தான் எங்கள் மூவரையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள், ஸ்வெட்டர் கொண்டுவந்திருந்ததும் அவள் ஒருத்திதான். காற்று எலும்பைத் தொட்டது. ஒரு முதியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, நம்ம தூத்துக்குடிக்காரனுக்கு ஜெர்மன் தகராறு. நம்மவன் அவர் தூண்டில் முள்ளின் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தான். பையிலிருந்து ஒரு துண்டு தூண்டில் நரம்பை எடுத்து அவர் நீட்ட, இவன் தன் ஊர் முடிச்சைப் போட்டுக் காட்டினான். அவர் இழுத்துப் பார்த்தார். அவிழ்த்தார். மறுபடி போடு என்று சைகை காட்டினார். மூன்றாம் முறை அவரே போட்டார். பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார், ஒரே மூடியில் நான்கு பேரும் குடித்தோம். சர்க்கரை இல்லை, சூடு இருந்தது.

ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் போகும் கப்பல்கள் அலைதடுப்பை ஒட்டியே கடக்கும். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று விளக்கேற்றிக்கொண்டு சத்தமில்லாமல் நகர்வது போல இருந்தது. வடக்கு அடிவானத்தில் ஒரு வெளுப்பு இரவெல்லாம் அணையவே இல்லை. நாலரை மணிக்கெல்லாம் விடிந்துவிட்டது. முதல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நாயும் இல்லை.

கணக்கு: டிக்கெட் 9, மீன் பன் 4.50, ஸ்ட்ரான்ட்கோர்ப் 3, காபியும் உருளை வறுவலும் 6, கழிப்பறை 1, ஞாயிறு காலை பன்னும் காபியும் 3.50. ஆக 27. அதிலும் அந்த டிக்கெட்டை மாதம் முழுக்க ஓட்டினேன். இப்போது உங்களுக்கு இந்த விலை வராது. அதே மாதிரி நாடு முழுக்கச் செல்லும் மாத டிக்கெட்டாக 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட்டே 2025இல் 58 ஆகிவிட்டது. ஆனால் அது கையில் இருந்தால் ரயிலுக்குத் தனிச் செலவில்லை. அறை மட்டும் கோடையில் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள், அல்லது கடைசி ரயிலுக்கு அலாரம் வையுங்கள். கம்பளி ஒன்று, ஜூனாக இருந்தாலும்.

இதை ஊதாரித்தனம் என்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் என் பணம் போன இடம் வேறு. ஒரு மஞ்சள் கறை. வீட்டைக் காலி செய்தபோது சமையல் மேடையில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை இருக்கிறதென்று வீட்டுக்காரர் 600 யூரோ அட்வான்ஸில் 180ஐப் பிடித்துக்கொண்டார். எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன், பேக்கிங் சோடா போட்டுத் தேய்த்தேன், வெயிலில் தானாக வெளுத்துவிடும் என்று மன்றாடினேன். மனிதர் டார்ச் அடித்து அளவெடுத்தார். அந்த மேடைக்கு வயது இருபதாவது இருக்கும், விளிம்பெல்லாம் ஏற்கெனவே பெயர்ந்து கிடந்தது. ஒரு ரசத்துக்கு 180 யூரோ. அதற்கு ஊரிலிருந்து ஒருவரும் போன் செய்து துக்கம் விசாரிக்கவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எங்காவது சொல்லித் தீர்க்க வேண்டும்.

திங்கட்கிழமை அப்பாவிடமிருந்து போன். ஸ்டேட்டஸில் பின்னால் போன கப்பலைப் பெரியப்பா பார்த்துவிட்டார். தம்பி மகன் சொகுசுக் கப்பலில் ஐரோப்பா சுற்றுகிறான் என்று செவ்வாய்க்கிழமைக்குள் பென்னாகரம் வரை செய்தி போய்விட்டது. என் விசா செலவுக்கு அப்பா அவரிடம் இரண்டு லட்சம் கைமாற்று வாங்கியிருந்தார். கப்பலில் போக வசதி வந்தாச்சு இல்லையா, அதைக் கொஞ்சம் எண்ணி வை என்று பெரியப்பா வீட்டுக்கே வந்து கேட்டிருக்கிறார். அதே பெரியப்பா பேரனின் காதுகுத்துக்கு ட்ரோன் வைத்துப் படம் எடுத்தவர். போகட்டும்.

நான் 27 யூரோ கணக்கை முதல் முறையாக ஒப்பித்தேன். அப்பா குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்தக் கப்பல் எங்கடா போச்சு?"

"ஸ்வீடனுக்குப்பா. இல்லாட்டி டென்மார்க்."

"டிக்கெட் எவ்வளவாம்?"

"தெரியலப்பா. நாங்க கேக்கவே இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏறியிருக்கலாம்ல. எப்படியும் ஏறுனதாத்தான பேசிக்கிறாங்க."