அருணாசலம் என்றால் ரஜினி படமா?

வணக்கம்.

முப்பது வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். போன வாரம் வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இரண்டு பெடியன்கள். ஒரு நடிகர் எந்தப் படத்துக்கு எத்தனை கோடி வாங்கினார், யாரோடு கோபம், யாரோடு சமாதானம் என்று ஒன்று விடாமல் பேசிக்கொண்டே வந்தார்கள். பொறுக்க முடியாமல், "தம்பி, சேர் பொன்னம்பலம் அருணாசலம் யார் தெரியுமா?" என்று கேட்டேன். "ரஜினி படம்தானே, அங்கிள்?" என்றான் ஒருவன். சொந்த நாட்டு வரலாறு தெரியாத இந்தப் பிள்ளைகளை என்ன செய்வது?

ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள ஐயா,

மன்னிக்க வேண்டும், முதலில் சிரித்துவிட்டேன். கட்அவுட்டுக்கு மாலை போட ஏணி பிடித்த ஆள் நான், அதனால் அந்தப் பெடியன்களைத் திட்ட வாய் வரவில்லை. என் மாமாமார் எம்.ஜி.ஆர். கட்சி, சிவாஜி கட்சி என்று பிரிந்து பேசாமலே இருந்தவர்கள். எம்.ஜி.ஆர். பிறந்தது நம்ம நாவலப்பிட்டியில் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது கோபமும் சமாதானமும். நீங்கள் கேட்டதோ வெறும் பெயர். அருணாசலத்திடம் கோபத்துக்கா பஞ்சம்? 1919 இல் இலங்கை தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் அவர். மேல் மாகாணத் தமிழருக்குச் சட்டசபையில் ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவு தருவதாகச் சிங்களத் தலைவர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு அது காற்றில் போனது. 1921 இல் மனிதர் வெளியேறினார். அந்த ஆசனம் யாருக்கு? உங்கள் பஸ் ஓடிய இதே கொழும்பில் இருந்த தமிழருக்கு.

அருணாசலத்தின் அண்ணன் இராமநாதன் இன்னும் சுவாரசியம். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு, உலக யுத்தம் நடக்கும்போதே கப்பலேறி லண்டன் போய்ச் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சனமே வண்டியை இழுத்தது. நான் படித்த காலத்தில் பாடம் அதோடு முடிந்துவிடும். எல்லாருக்கும் வாக்குரிமை கொடுக்க வேண்டாம் என்று டொனமூர் ஆணைக்குழு அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரித்த காலத்தில் நின்றவரும் இதே மனிதர்தான் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இந்தப் பக்கத்தையும் காட்டியிருந்தால் வகுப்பில் தூங்கியிருக்க மாட்டேன்.

என் அண்ணன் மகனுக்குப் பதினாறு வயது. கிரிக்கெட் பைத்தியம். 2010 இல் காலியில் முரளி எடுத்த 800 ஆவது விக்கெட் ஓஜாவுடையது என்று தூக்கத்திலும் சொல்வான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், முரளியின் தாத்தா தேயிலைத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து வந்தவர் என்று சும்மா சொல்லி வைத்தேன். "எங்கட ஆட்கள் மாதிரியா, சித்தப்பா?" என்றான். அப்புறம் 1948 வந்தது, பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானது வந்தது. சோறு காய்ந்துபோனது.

எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில், பொலித்தீன் பையில், நான்காக மடித்த கடதாசி. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வழி விட்ட 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தாத்தா விண்ணப்பித்து, வருடக்கணக்கில் அலைந்து வாங்கிய பிரஜாவுரிமைச் சான்றிதழ். மடிப்பு கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருக்கிறது. அவன் முதலில் பார்த்தது பெயரை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைவு. கிளார்க் விட்ட பிழை. திருத்தப் போனால் கடதாசியே போய்விடும் என்று பயந்து தாத்தா அப்படியே விட்டுவிட்டார். அவர் பெயரைத்தான் நாங்கள் எல்லாரும் பின்னால் போட்டுக்கொள்கிறோம்.

"பள்ளிக்கூடத்தில கேட்டா நான் டைப்பிங் மிஸ்டேக் என்டு சொல்றனான்" என்றான். பிறகு போனை எடுத்து இரண்டு பக்கமும் படம் பிடித்துக்கொண்டான்.

சரி ஐயா, அடுத்த முறை அந்தப் பெடியன்களைக் கண்டால் 1921 சண்டையில் இருந்து தொடங்குங்கள். கொள்ளுப்பிட்டியில் டிராபிக் இருந்தால் இராமநாதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.