பொம்மைப் படம் பார்த்து அழுதா நான் இன்னும் வளரலையா?

கேள்வி: அக்கா, நான் காலேஜ் ஃபர்ஸ்ட் இயர், ஹாஸ்டல்ல இருக்கேன். போன வாரம் லேப்டாப்ல டாய் ஸ்டோரி 3 பார்த்தேன், பொம்மைங்களுக்கு உயிர் இருக்கற அந்த அனிமேஷன் படம். சின்ன வயசுல டிவில பார்த்த படம்தான், ஆனா இந்தத் தடவை கடைசியில தேம்பித் தேம்பி அழுதுட்டேன். ரூம்மேட்ஸ் இன்னும் கிண்டல் பண்றாங்க. இதுல அம்மா வேற போன்ல, "பரண்ல இருக்கற உன் பொம்மையெல்லாம் சித்தி பொண்ணுக்குக் கொடுத்துடட்டுமா"ன்னு கேட்டாங்க, எனக்குப் பதிலே வரல. என்னக்கா பண்றது?

பதில்: வளர்ந்துட்டதாலதான்மா அழுதிருக்க. சின்ன வயசுல பார்த்தப்ப என்ன ஞாபகம் இருந்துச்சுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு. அந்த ரோஸ் கலர் கரடி, டேகேர்லேர்ந்து தப்பிக்கிறது, குப்பை எரிக்கிற இடத்துல எல்லாரும் கையைப் பிடிச்சுக்கறது, அவ்ளோதான் இருக்கும். அந்தப் பொம்மைங்களுக்குச் சொந்தக்காரப் பையன் ஆண்டி, அவனோட அம்மான்னு ஒருத்தங்க படத்துல இருந்ததே மனசுல நின்னிருக்காது, ஏன்னா அஞ்சு வயசுல அம்மா எங்கயும் போகமாட்டாங்க, நாமளும் அவங்கள விட்டு எங்கயும் போகமாட்டோம். இப்ப நீ பெட்டி கட்டிக்கிட்டு வீட்டை விட்டு வந்து சில மாசம்தான் ஆகுது.

அந்தப் படமே உன் வயசுக்காரங்கள மனசுல வச்சு எடுத்ததுதான்னு எனக்குத் தோணும். முதல் படம் வந்தது 1995ல, மூணாவது 2010ல. நடுவுல 15 வருஷம். முதல் படத்தை அஞ்சாறு வயசுல பார்த்த பசங்க மூணாவது வரும்போது காலேஜ்ல இருந்தாங்க, கதையில ஆண்டிக்கும் 17 வயசு, அவனும் காலேஜுக்குக் கிளம்பறான். ஆண்டிக்குக் குரல் கொடுத்த ஜான் மாரிஸ்கூட அதே ஆள்தான், முதல் படத்துல சின்னப் பையனா பேசினவர் மூணாவதுல வளர்ந்த குரல்ல பேசறார். முதல் படத்துல எடிட்டரா இருந்த லீ அன்க்ரிச்தான் இதுக்கு டைரக்டர். அதாவது படத்தை எடுத்தவங்களுக்கும் வயசாயிருக்கு, அது ஒவ்வொரு சீன்லயும் தெரியுது.

ஆண்டியோட காலியான ரூமுக்குள்ள அவன் அம்மா வந்து நின்னு அப்படியே மூச்சு நின்ன மாதிரி ஆயிடுவாங்க பாரு, எனக்கு இந்தப் படமே அந்த இடம்தான். அம்மாவும் பையனும் கட்டிப்பிடிச்சு நிக்கிறதை அட்டைப்பெட்டிக்குள்ள இருந்து ஆண்டியோட கௌபாய் பொம்மை வுடி பார்க்குது, அதுக்கப்புறம்தான் அது தானா ஒரு சீட்டுல போனிங்கற குட்டிப் பொண்ணோட அட்ரஸை எழுதி மத்த பொம்மைங்க இருக்கற பெட்டி மேல ஒட்டுது, காலேஜுக்குக் கூட போக வேண்டிய பொம்மை இறங்கி அதுங்களோட போய்ச் சேர்ந்துக்குது. அம்மா விட்டுக்கொடுக்கறதைப் பார்த்துதான் வுடியும் கத்துக்குது. இதைப் புரிஞ்சுக்க கொஞ்சமாவது பிரிவு தெரிஞ்சிருக்கணும், எட்டு வயசுல தெரியாது. ரூம்மேட்ஸ்கிட்ட சண்டைக்குப் போகாத. வேணும்னா இது ஆஸ்கர்ல சிறந்த படத்துக்கான நாமினேஷன்லயே இருந்த படம்னு சொல்லு, அதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ல வந்த அனிமேஷன் படங்க ரெண்டே ரெண்டுதான். நம்பலைன்னா விட்டுடு. ஒரு நாள் ராத்திரி அவங்க வீட்டு ஞாபகம் வந்து உக்காந்திருக்கும்போது நீயே போட்டுக் காட்டுவ.

இப்ப அந்தப் பொம்மை விஷயம். ஆண்டியும் அம்மாகிட்ட இதே கேள்வியத்தான் கேக்கறான், கொடுத்துடட்டுமாம்மான்னு, அவங்க உன் இஷ்டம்னு சொல்லிடறாங்க. உங்க அம்மாவும் பரணைக் காலி பண்றதுக்காக மட்டும் கேட்டிருக்க மாட்டாங்க. உன் சாமான்ல கைவைக்க அவங்களுக்கே மனசு வரலேன்னுதான் எனக்குப் படுது. அதனால "நான் லீவுக்கு வர்ற வரைக்கும் வைம்மா, நானே கொடுக்கறேன்"னு சொல்லிடு. இன்னைக்கே போன் பண்ணு, வாட்ஸ்அப் மெசேஜ் வேண்டாம்.

போய் என்ன பண்ணணும்னா, ஆண்டி பண்ணதையே பண்ணு. அவன் பெட்டியோட தூக்கிக் கொடுத்துட்டுப் போகலையே, புல்தரையில உக்காந்து ஒவ்வொரு பொம்மையா எடுத்து இது யாரு, என்ன பண்ணும், எப்படிப் பேசும்னு போனிக்குச் சொல்லிச் சொல்லிக் கொடுக்கறான், கடைசியா ஒரு தடவை கூட உக்காந்து விளையாடவும் செய்யறான். சித்தி பொண்ணுக்கும் அப்படிச் சொல்லிக் கொடு, உன் பொம்மைக்கு நீ என்ன பேர் வச்சிருந்தன்னு அவளுக்குத் தெரியட்டும். எல்லாத்தையும் கொடுத்தே ஆகணும்னு யாரும் சொல்லல. போனி வுடியை எடுக்கக் கை நீட்டினப்ப ஆண்டியே சட்டுன்னு இழுத்துக்கிட்டான் இல்ல? உன் கையும் அப்படி எந்தப் பொம்மைக்காவது போச்சுன்னா அதை ஹாஸ்டலுக்கே எடுத்துட்டு வா, கட்டில்ல ஒரு ஓரமா இருக்கட்டும்.

சித்தி பொண்ணுக்கு என்ன வயசுன்னு எழுதல. ரொம்பச் சின்னப் பாப்பான்னா கண்ணு, பட்டன் கழண்டு வர்ற பொம்மைய மட்டும் இப்பக் கொடுக்காத, வாயில போட்டுக்கும். அதுங்களத் தனியா ஒரு பையில போட்டு அம்மாகிட்டயே கொடுத்து வை.