மதில் தாண்டும் சிட்டுவுக்கு அஜிலிட்டி பழக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு கேரள எல்லையில், பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. பதினோரு மாதப் பெண் நாய் ஒன்று வளர்க்கிறோம், பெயர் சிட்டு. தாய் சிப்பிப்பாறை; தகப்பன் யாரென்று தெரியாது. நாலரை அடி மதிலை அநாயாசமாகத் தாண்டிப் போய்ப் பக்கத்துத் தோப்புக் கோழிகளைத் துரத்துகிறாள். யூடியூபில், நாய்கள் தடை தாண்டி, டன்னலுக்குள் நுழைந்து ஓடும் அஜிலிட்டி விளையாட்டைப் பார்த்ததும் இவளுக்கென்றே உண்டாக்கியது போலத் தோன்றியது. தோப்பில் மூன்றடித் தடைகள் கட்டித் தினமும் பழக்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும்? போட்டிக்குக் கொண்டுபோக முடியுமா? அப்பாரு, "நாய்க்கு எதுக்குடா சர்க்கஸு?" என்று சிரிக்கிறார்.

பதில்: தம்பி, மூன்றடித் தடை யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். எஃப்.சி.ஐ. என்ற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு நடத்தும் உலகப் போட்டியிலேயே பெரிய நாய்களுக்கான தடை 60 சென்டிமீட்டரைத் தாண்டாது. நம் கணக்கில் இரண்டடி. அதிலும் ஒன்றரை வயது நிரம்பாத நாயை உள்ளே விடமாட்டார்கள். சிட்டுவுக்குப் பதினோரு மாதம்தான் ஆகிறது.

வயதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், வளரும் நாயின் கால் எலும்பு நுனியில் குருத்தெலும்பால் ஆன தட்டு ஒன்று இருக்கும். எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான். சிறிய நாய்களுக்குப் பத்து மாதத்துக்குள் அது இறுகிவிடும். சிப்பிப்பாறை மாதிரி நெட்டைக் கால் நாய்களுக்கு ஒன்றரை வயதுவரைகூட ஆகலாம். அது இறுகுவதற்குள் தினமும் உயரத்திலிருந்து குதித்து முன்னங்காலில் எடையை இறக்கினால், தட்டு நசுங்கிக் கால் கோணலாக வளர வாய்ப்புண்டு. மதில் தாண்டுகிறாளே, ஒன்றும் ஆகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாளில் ஒரு தடவை தாண்டுவதும், நீங்கள் நிற்க வைத்து நாற்பது தடவை தாண்டவிடுவதும் ஒன்றல்ல. இப்போதைக்குத் தடைக் குச்சி தரையிலோ, அவளுடைய முன்னங்கால் மணிக்கட்டு உயரத்திலோ இருந்தால் போதும்.

இந்த விளையாட்டின் கதை சுவையானது. 1978-இல் லண்டனில் நடந்த க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. குதிரைகள் தடை தாண்டும் பந்தயத்தைப் பார்த்து நாய்களுக்கு ஒன்று அமைத்தார்கள். இரண்டே வருஷத்தில் இங்கிலாந்தின் நாய்ச் சங்கமான கெனல் கிளப் அதைத் தனி விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. ஆக, அப்பாரு சொல்லும் சர்க்கஸ் முழுப் பொய்யில்லை. ஆனால் சர்க்கஸில் நாய் பாடம் செய்ததைத் திருப்பிச் செய்யும். இங்கே ஒவ்வொரு போட்டிக்கும் தடைகளின் வரிசை மாறும். பதினைந்திலிருந்து இருபத்திரண்டு தடை இருக்கும். அடுத்தது எது என்று நாய்க்குத் தெரியாது. கழுத்தில் கயிறு கிடையாது, கையில் தீனி வைத்திருக்கக் கூடாது, நாயைத் தொடவும் கூடாது. ஓட்டுபவர் கூடவே ஓடி, உடம்பாலும் குரலாலும்தான் வழிகாட்ட வேண்டும்.

எனவே பாதிப் பயிற்சி உங்களுக்குத்தான். நாய் முதலில் கவனிப்பது உங்கள் வாயை அல்ல. பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது, தோள் எங்கே திரும்புகிறது, ஓட்டம் வேகமாகிறதா தளர்கிறதா என்பதைத்தான். "அங்க போ, அங்க போ" என்று கத்திக்கொண்டு உடம்பை வேறு பக்கம் திருப்பினால் அவள் உடம்பைத்தான் நம்புவாள். போட்டிக்கு முன்னால் நாய் இல்லாமல் ஓட்டுபவர்கள் மட்டும் களத்தில் நடந்து பார்க்க நேரம் தருவார்கள். வெறுங்கையை நீட்டிக்கொண்டு, இல்லாத நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் நீங்களும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நான்கு செங்கலைத் தள்ளித் தள்ளி வைத்து, சிட்டுவைக் கட்டிப்போட்டுவிட்டு, எங்கே திரும்புவது, எந்தக் கையை நீட்டுவது என்று ஓடிப் பாருங்கள். அப்பாரு இன்னும் கொஞ்சம் சிரிப்பார், பரவாயில்லை.

குரல் விஷயத்தில் நம் எல்லைப்பக்கத்து வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் வீட்டில் எப்படியோ, என்னிடம் வரும் பாதி வீடுகளில் மாமனார் தமிழ், மருமகள் மலையாளம், தேங்காய் போட வருகிறவர் இரண்டும் கலந்து. மாமனார் "இரு" என்றால் பொறுத்திரு என்று அர்த்தம். மருமகள் "இரிக்கு" என்றால் உட்கார் என்று அர்த்தம். நாயின் காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே சத்தம். அது நிற்பதா உட்காருவதா என்று விழிக்கும்; நாம் "சொன்ன பேச்சு கேக்கறதில்ல" என்போம். (பட்டி என்றால் நமக்கு ஆடு அடைக்கும் இடம், அவர்களுக்கு நாய். அதில் நடந்த குழப்பங்களைச் சொன்னால் தனிக் கட்டுரையாகிவிடும்.) நல்லவேளையாக "வா", "போ", "நில்லு" மூன்றும் இரு மொழிக்கும் பொது. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உட்காருவதற்கு "உக்காரு" என்று வீட்டில் எல்லோரும் சொல்லட்டும். "இரு", "இரிக்கு" இரண்டையும் அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம். சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் தகராறு இல்லை.

இடம் பற்றிக் கேட்டால், போட்டிக் களம் 20-க்கு 40 மீட்டர், ஏறக்குறைய இருபது சென்ட். பழக்குவதற்கு ஐந்து சென்ட் தாராளம். ஆனால் தென்னை மரத்தடியில் வேண்டவே வேண்டாம். தேங்காயும் மட்டையும் சொல்லிவிட்டு விழாது; நீங்களோ தலையைக் குனிந்து நாயைப் பார்த்துக்கொண்டு ஓடுவீர்கள். பாத்தி வரப்பில் நாயின் கால் பிசகும். மட்டைக் குவியலில் விரியன் இருக்கும். கொப்பரை காயப்போடும் சிமெண்ட் களமும் ஆகாது, வழுக்கும், சுடும். மாடு கட்டாத புல்தரையோ, கல் பொறுக்கிய செம்மண் திடலோ பாருங்கள். இன்னொன்று, கள் இறக்கும் மரங்கள் பக்கத்தில் இருந்தால் அடியில் சிந்தியதை நக்க விடாதீர்கள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்தில் இதைச் சிரித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பவர்கள் உண்டு. நாயின் உடம்புக்குச் சாராயம் நஞ்சு.

சாமானுக்குப் பெரிதாகச் செலவு செய்யாதீர்கள். சொட்டுநீர்ப் பாசனம் போட்டதில் மிஞ்சிய பி.வி.சி. குழாய் எல்லாத் தோப்பிலும் கிடக்கிறது. தடைக்கு அது போதும், ஒரே நிபந்தனை: கால் பட்டால் குச்சி கீழே விழ வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டிய மூங்கிலில் மோதிக் கால் எலும்பு விரிசல் விட்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன். டன்னலுக்கு, குழந்தைகள் தவழ்ந்து விளையாடும் துணிச் சுருள் ஒன்று வாங்கி, இரண்டு பக்கமும் மணல் மூட்டை அணைத்து வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு அது பறந்து போய்விடும். போட்டியில் அதன் விட்டம் 60 சென்டிமீட்டர்.

அதைவிட நல்ல சாமான் ஒன்று உங்கள் வீட்டிலேயே இருக்கும். தோப்பில் ஏணி இருக்கிறதா? அதைத் தரையில் படுக்க வைத்து, படிகளுக்கு நடுவே சிட்டுவை மெதுவாக நடத்துங்கள். பெரும்பாலான நாய்களுக்கு முன்னங்கால் எங்கே இருக்கிறது என்று தெரியும். பின்னங்கால் பின்னாலேயே வந்துவிடும் என்று விட்டுவிடும். ஏணிக்குள் அது நடக்காது. நான்கு காலையும் யோசித்து வைக்க வேண்டும். மூன்று வாரம் இதைச் செய்தால் பிறகு உயரத்தில் குறுகலான பலகை மேல் ஓடும்போது வித்தியாசம் தெரியும்.

சாய்ந்த பலகை, சீசா இவற்றில் ஏறி இறங்கும்போது கீழ்ப்பகுதியில் வேறு நிறம் அடித்த இடம் ஒன்று இருக்கும். அதில் ஒரு பாதமாவது பட வேண்டும், பாதியிலேயே குதித்தால் பிழை. நாய் மேலிருந்து பாய்ந்து தோளை முறித்துக்கொள்ளாமல் இருக்க வைத்த விதி அது. உங்கள் திண்ணைப் படியிலேயே இதைப் பழக்கலாம். பின்னங்கால் இரண்டும் படியில், முன்னங்கால் இரண்டும் தரையில். அப்படி நின்றால் உடனே தீனி. அவ்வளவுதான்.

சீசாவை மட்டும் கடைசிக்கு வையுங்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு, என் நாயையே அதில் கெடுத்தவன் நான். கருப்பன் என்று ஒரு கலப்பு நாய், எதற்கும் பயப்படாதவன். உற்சாகத்தில் முதல் நாளே பலகை மேல் ஓடவிட்டேன். மறுமுனை சிமெண்ட் தரையில் 'டமார்' என்று விழுந்தது. எட்டு மாதம் அவன் எந்தப் பலகைப் பக்கமும் வரவில்லை, மாட்டு வண்டிப் பலகையைக் கண்டால்கூடச் சுற்றிப் போனான். முதலில் பலகையின் நுனிக்குக் கீழே சாக்கு மூட்டை வைத்து, இரண்டு அங்குலம் மட்டும் அசைகிற மாதிரி செய்து, முன்னங்காலால் அழுத்தினாலே தீனி என்று பழக்கியிருக்க வேண்டும். அசைவதும் சத்தமும் தன்னால்தான் வருகிறது என்று தெரிந்துவிட்டால் நாய்க்குப் பயம் போய்விடும். கம்பு வரிசையும் இப்போது வேண்டாம். 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பன்னிரண்டு கம்புக்குள் வளைந்து வளைந்து ஓடுவது முதுகெலும்புக்குக் கடினமான வேலை. அவளுக்கு ஒன்றரை வயது ஆகட்டும்.

சிட்டுவின் ரத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டிகளில் ஜெயிக்கும் பார்டர் கோலி ஆட்டுமந்தை நாய். மேய்ப்பன் முகத்தைப் பார்த்து வேலை செய்வது அதன் பிறவிக்குணம். சிப்பிப்பாறை முயல் வேட்டை நாய். கண்ணில் அசைவது எதுவோ அதன் பின்னால் போகும், உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்காது. குற்றமில்லை, அதற்காகத்தான் வளர்த்தார்கள். அந்தத் துரத்தலையே கூலியாகக் கொடுங்கள். நீளக் கம்பின் நுனியில் கயிறு கட்டி, அதில் ஒரு பழைய துணி. குச்சியைத் தாண்டினால் துணி ஓடும், அவள் துரத்திப் பிடிக்கலாம். பல நாய்களுக்குக் கோழிக்கறித் துண்டைவிட இது ருசி. தீனி கொடுத்தால் வேகவைத்த கறி அல்லது ஈரல், குன்றிமணி அளவு. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் கழித்துவிடுங்கள். வெங்காயம் போட்ட குழம்பில் கிடந்த கறி கூடவே கூடாது.

ஆனால் மதில் பிரச்சினை அஜிலிட்டியால் தீராது. பழக்கினால் ஆசை தணிந்து வீட்டில் அடங்கிக் கிடப்பாள் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். இன்னும் நன்றாகத் தாண்டுவாள். கோழி கண்ணில் படுவதுதான் காரணம். அந்தப் பக்கத்து மதில் மேல் கீற்றுப் படல் கட்டி மறையுங்கள். வெளியே விடும்போது ஹார்னெஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) போட்டுப் பத்து மீட்டர் கயிறு. கழுத்துப் பட்டையில் நீளக் கயிறு கட்டினால் பாய்ந்து ஓடி இழுபடும்போது கழுத்தில் அடிபடும். கேரளத்தில் பஞ்சாயத்து லைசன்ஸும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் வேண்டும், தாண்டிப் போன இடத்தில் யாரையாவது கடித்தால் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். மழைக்காலத்துக்கு முன்னால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் மிருகாசுபத்திரியில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

நேரம்: காலை ஏழு மணிக்குள், ஐந்து நிமிஷம். மாலையில் இன்னொரு ஐந்து. பங்குனி, சித்திரையில் மாலை ஆட்டத்தையே விட்டுவிடலாம். புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ண முடியவில்லை என்றால் அவள் பாதத்துக்கும் முடியாது. நாக்கு அகலமாகத் தொங்கி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வெயில் தாக்கியிருக்கிறது. நிழலுக்குக் கொண்டுபோய்ப் பம்புசெட் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்று வீசிக்கொண்டே டாக்டரிடம் ஓடுங்கள்.

போட்டி விஷயம்: எஃப்.சி.ஐ. உலகப் போட்டிக்கு வம்சாவளிச் சான்று கட்டாயம், தகப்பன் தெரியாத சிட்டுவுக்கு அந்தக் கதவு மூடியதுதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கலப்பு நாய்களைத் தனியாகப் பதிந்துகொண்டு ஓடவிடுகிறார்கள். நம் பக்கத்தில் நடக்கும் நாய்க் கண்காட்சிகள் பெரும்பாலும் உருவம் பார்த்து மதிப்பெண் போடுபவை. எங்காவது அஜிலிட்டி வைத்தால், கலப்பு நாய்க்கு இடமுண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆறேழு மாதம் கழித்து யோசிக்க வேண்டிய விஷயம் அது.

அப்பாருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சிட்டுவின் ஹார்னெஸைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கட்டும். நீங்கள் அந்தத் துணியை ஆட்டிக் காட்டிவிட்டு, குச்சியைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள். அவள் முனகி இழுக்கும்போது "வா!" என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள், அவர் கையை எடுக்கட்டும். ஒரு காலைக்கு மூன்று தடவை, அதற்கு மேல் வேண்டாம். நாலாவது தடவை கேட்கப்போவது அப்பாருதான்.