மேட்ச் வந்தது, அழகு போனதா?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு பைத்தான் நிரல்மொழியில் ஏதாவது புது எழுத்துமுறை சேர்ந்துகொண்டே இருக்கிறது. பழைய எளிமை போய்விட்டது, இதுவும் சி பிளஸ் பிளஸ் மாதிரி ஆகிவிடும் என்கிறார் என் சீனியர். சரிதானா?
– ஒரு மாணவர், ஈசூன்

பதில்: தம்பி, உங்கள் சீனியர் புது வசதிகள் எத்தனை என்று தலையை எண்ணுகிறார். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. 2016இல் பைத்தான் 3.6, வாக்கியத்துக்குள் மதிப்புகளைச் செருக உதவும் எஃப்-ஸ்டிரிங்கைக் கொண்டுவந்தது. அதற்குச் சதவீதக் குறி, ஃபார்மட் என்று ஏற்கெனவே வழிகள் இருந்தன. ஆனாலும் இன்று எங்கள் அலுவலகத்தில் புதிதாக எழுதுகிறவர்கள் பழையவற்றைத் தொடுவதே அபூர்வம். அடுத்தது, கணக்கின் நடுவிலேயே ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுக்கும் 3.8இன் வால்ரஸ் குறி. அதை ஏற்பதா வேண்டாமா என்று நடந்த சண்டையில் சலித்துப்போய் 2018 ஜூலையில் பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசம் தலைமைப் பொறுப்பையே விட்டார். அத்தனை கலாட்டாவுக்கும் வைல் சுற்றில் ஓரிரு வரி மிச்சம், அவ்வளவுதான்.

என் மனத்தாங்கல் 2021இல் 3.10உடன் வந்த மேட்ச்-கேஸ் மேல். ஒரு மதிப்பை, கீழே வரிசையாக எழுதிய கேஸ்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும் கருவி அது. எங்கள் வேலை சரக்குப் பெட்டகங்களின் நிலையைக் கண்காணிப்பது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், மேலே அறிவித்திருந்த 'ரிலீஸ்ட்' என்ற மாறிலியைக் கடைசி கேஸில் அப்படியே எழுதியிருந்தார். ஒப்பிடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பைத்தான் ஒப்பிடாது, வந்த மதிப்பை அந்தப் பெயருக்குள் போட்டுக்கொள்ளும். நிலையே தெரியாமல் வந்த பெட்டகமும் விடுவிக்கப்பட்டதாகக் காட்டும். பிழைச் செய்தியும் கிடையாது. நல்லவேளை, சரிபார்க்கும்போதே கண்ணில் பட்டது.

காப்பிக்கடையில் 'கோபி'யோடு கோசோங் (சீனி வேண்டாம்), சியு டாய் (சீனி குறைவு) என்று எத்தனை ஒட்டினாலும் யாரும் குழம்புவதில்லை. ஒரு கடையில் மட்டும் கோசோங் என்றால் சீனி தூக்கல் என்று வைத்தால்தான் வம்பு. மற்ற இடங்களில் மதிப்பைப் படிக்கிற வெறும் பெயர், கேஸுக்குப் பக்கத்தில் வந்ததும் மதிப்பை வாங்கிக்கொள்கிறதே, அங்கேதான் அழகு கெடுகிறது.

அதற்காக மேட்சை ஒதுக்க வேண்டாம். அடுக்கடுக்கான ஜேசன் வடிவத் தரவைப் பிரிக்க அருமையான கருவி. மாறிலிகளை ஒரு கிளாசுக்குள் வைத்துப் புள்ளியிட்டு எழுதுங்கள், அப்போது ஒழுங்காக ஒப்பிடும். கடைசியில், வேறெதிலும் பொருந்தாததை ஏற்கும் வெறும் அடிக்கோட்டுடன் ஒரு கேஸும் போட்டுவையுங்கள். அது இருந்தால், மேலே எங்காவது தவறி வெறும் பெயரை எழுதியிருந்தாலும், நிரலை ஓடவே விடாமல் சின்டாக்ஸ் எரர் என்று பைத்தானே நிறுத்திவிடும்.